எத்தனை தலையணை?

புனாத்தா மருத்துவமனை, ஏழாம் கட்டில்.
செலடோனியோ அரிஸ்பே, ஐம்பத்து நான்கு வயது,
கொச்சபாம்பா தடத்தில் பேருந்து ஓட்டுகிறவர்.
நான் நொயெமி, செவிலியம் மூன்றாமாண்டு.
கையில் கடன் வாங்கிய கடிகாரம்,
அதில் நொடிமுள் இருக்கிறது.

முதலில் பார், பிறகு தொடு, கடைசியில்தான் கேள்
என்பது பாடம்.
தலைமாட்டைச் சாய்வாக உயர்த்திக்
கழுத்தைத் திருப்பச் சொன்னேன்.
காதுமடலுக்குச் சற்றுக் கீழே வரை
ஒரு சிரை புடைத்து நின்றது,
மதகு திறக்காத நாளில்
வாய்க்கால் நிற்பதுபோல.

கணுக்காலில் கட்டைவிரல் பதித்த குழி
நான் அடுத்த வரியை எழுதி முடித்த பிறகும்
மூடாமல் கிடந்தது.

இதயத்தின் நுனி வந்து தட்டவேண்டிய இடம்
ஐந்தாம் விலா இடுக்கு,
காறை எலும்பின் நடுவிலிருந்து இறங்கும் கோடு.
அங்கே யாருமில்லை.
விரல்களை நகர்த்தி நகர்த்திப் போனால்
அக்குள் பக்கமாகக் குடிபெயர்ந்திருக்கிறது,
இருந்த அறை போதாத குடும்பம்.

மணிக்கட்டைப் பிடித்தேன்.
பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குவது
இங்கே செல்லாது.
முழு நிமிடம். முப்பத்தெட்டு.
என் மேலேயே சந்தேகப்பட்டு இன்னொரு நிமிடம்.
முப்பத்தெட்டு.
துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே
ஒரு நிறுத்தம்,
யாரும் ஏறாத, யாரும் இறங்காத நிறுத்தம்.

"மூச்சு வாங்குமா?"
"இல்லை."
"மயக்கம்?"
"இல்லவே இல்லை, செஞோரீட்டா."
"இரவில் எத்தனை தலையணை?"
"ஒன்று" என்றார் உடனே,
கேள்வித்தாளை முன்பே பார்த்துவிட்டவர் போல.

ஜன்னலோரம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த எர்மெலிண்டா
தலை நிமிராமல் சொன்னாள்:
"ஒன்றுதான். அது கட்டிலில் தனியாகத் தூங்குகிறது.
கார்னிவல் முடிந்ததிலிருந்து இவர் படுப்பது பேருந்தில்,
ஸ்டீரிங்கைக் கட்டிக்கொண்டு."
"வண்டியைத் திருடிவிடுவார்கள்."
"அந்த வண்டியையா?"

எட்டாம் கட்டில் இருமி இருமிச் சிரித்தது.
அவர் சிரிக்கவில்லை.
"எழுதாதீர்கள். சங்கத்துக்குத் தெரிந்தால்
உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள்.
இன்னும் பத்தொன்பது தவணை பாக்கி."

மலையிறங்கும் அந்தச் சாலை எனக்கும் தெரியும்.
அவர் முதுகுக்குப் பின்னால் இருபத்தெட்டு இருக்கைகள்.
இரண்டு துடிப்புக்கு நடுவே
பேருந்து எத்தனை அடி போகும்?
எழுதினேன்:
உட்கார்ந்தால்தான் உறக்கம்.
மயக்கம் இல்லை என்கிறார்.
என்கிறார் என்ற சொல்லை
அழித்துவிட்டு மறுபடியும் எழுதினேன்.

ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி,
இடப்பக்கம் ஒருக்களிக்கச் சொல்லி,
மணிப்பக்கத்தை மெல்ல வைத்தேன்.
லப். டப்.
அதன் பின்னால், ஓடிவந்து படியில் தொற்றுகிறவன் போல
மூன்றாவதாக ஒன்று.
வகுப்பில் ஒலிநாடாவில் கேட்டது இதுதான்.
ஒலிநாடாவுக்கு ஆரஞ்சு வாசனை இல்லை.

படிவத்தின் கடைசிப் பக்கம், சாகஸ் நோய்க்கு:
பிறந்த வீட்டின் சுவர்?
"மண்ணும் வைக்கோலும். தாராத்தாவில்."
வெடிப்புகளில் விஞ்சுகா இருக்கும்.
இரவில் இறங்கிக் கடித்து
அங்கேயே கழிந்துவிட்டுப் போகும்.
சொறிகிற விரல்தான் அதன் உயிரியைக் குழந்தைக்குள் அனுப்பும்.
பிறகு முப்பது வருடம்
தசைக்குள் சத்தமே இருக்காது.

பேனா சற்று நின்றது.
எங்கள் வீட்டுச் சுவரும் அதே மண்.
போன மார்ச்சில் வகுப்பு முழுவதும்
வரிசையில் நின்று ரத்தம் கொடுத்த அன்று
எனக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருந்தேன்.
காய்ச்சல் இல்லை.

தாள்களைச் சேர்த்து மடித்தேன்.
எர்மெலிண்டா இரண்டு சுளை நீட்டினாள்.
வாங்கிக்கொண்டேன், வாங்கக்கூடாது.
"நீங்கள் எத்தனை?" என்றார் செலடோனியோ.
தலையணையைத்தான் கேட்டார்.

"ஒன்று" என்றேன்.
உடனே.